நான்கு டிரங்குப் பெட்டி, ஒரு பீரோ: இதை ஆன்லைன் அருங்காட்சியகமாக்க எங்கே ஆரம்பிப்பது?

தங்கவயல்_பேரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

எனக்கு வீடு பெங்களூர் கே.ஆர்.புரம், வேலை வழக்கம்போல ஐடி. தாத்தாவும் அப்பாவும் கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கியவர்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதற்கப்புறம் எங்கள் லைனில் (தொழிலாளர் குடியிருப்பில்) பாதிப் பேர் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனார்கள், மீதிப் பாதி இங்கேயே குடி வந்துவிட்டது. அப்படி வந்தவர்கள் நடத்தும் ஒரு சின்ன சங்கத்தில் நான் இருக்கிறேன். அங்கே இளையவன் நான்தான் என்பதால் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் என் தலையில்.

சங்கத்துப் பெரியவர் ஒருவர் பல வருடமாக வீடு வீடாகப் போய்ச் சேர்த்து வைத்த பொருட்கள் இருக்கின்றன. கார்பைடு விளக்கு, பித்தளை டோக்கன், சம்பளச் சீட்டு, கால்பந்து டீம் போட்டோக்கள், நாடக நோட்டீஸ், பௌத்த சங்கத்துத் துண்டுப் பிரசுரங்கள், கல்யாணப் பத்திரிகைகள், அட்டை கிழிந்த சில பழைய ‘தமிழன்’ இதழ்கள். மொத்தம் 340 உருப்படி, நான்கு டிரங்குப் பெட்டியிலும் ஒரு இரும்பு பீரோவிலும். அல்சூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்னறையில் வைத்திருக்கிறோம். மண்டபக்காரர் பொங்கலுக்குள் அறை வேண்டும் என்கிறார். வேறு இடம் பார்த்தால் பெங்களூர் வாடகை, சொல்லவே வேண்டாம்.

அப்போதுதான் ஒரு யோசனை. கஸ்தூர்பா ரோட்டில் இருக்கும் மேப் (கலை, புகைப்பட) அருங்காட்சியகம் 2020 டிசம்பரில் முதலில் ஆன்லைனில்தான் திறந்தது, கட்டடம் திறந்தது 2023 பிப்ரவரியில். அவர்களே அப்படிச் செய்யும்போது, கட்டடமே இல்லாமல் நாம் செய்தால் என்ன? பொருட்களை ஆளுக்குக் கொஞ்சம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், உலகத்துக்கு நெட்டில் காட்டலாம்.

கமிட்டியில் ஒருவர் ஒரு கம்பெனியைக் கூட்டி வந்தார். ஆப், 3டி, வி.ஆர். கண்ணாடி மாட்டினால் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் இறங்குவது போல இருக்குமாம், 6 லட்சம். எங்கள் கையில் இருப்பது 40 ஆயிரம். போன வருடம் வேறு ஒரு ஸ்டுடியோவிடம் 60 போட்டோ ஸ்கேன் செய்யக் கொடுத்து, அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு டெலிவரி முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். பெரிதாக்கினால் முகமெல்லாம் சதுரம் சதுரமாகத் தெரிகிறது.

மாதிரிக்குப் பெரிய அருங்காட்சியகங்களின் தளங்களைப் போய்ப் பார்த்தேன், அதில் இன்னொரு குழப்பம். அமெரிக்காவில் கிளீவ்லாண்டில் இருக்கும் சோழர் கால நடராஜரைத் திருவாசியின் தீச்சுடர் வரை பெரிதாக்கி இலவசமாக இறக்கிக்கொள்ள முடிகிறது. நம் ஊர்ப் போர்ட்டலில் தேடினால் தபால்தலை சைஸ் படம். ஏன் இப்படி? நாங்கள் எந்த வழியில் போக வேண்டும்? யாராவது இந்த வேலையிலேயே இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


டில்லி_ஸ்கேனர்:

இந்த வேலையிலேயேதான் இருக்கிறேன் தம்பி. டில்லி, மயூர் விஹார். ஒன்பது வருடமாக ஒப்பந்த அடிப்படையில் அருங்காட்சியகங்களுக்கு டிஜிட்டைஸ் செய்து கொடுக்கிறேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள், அடுத்த ஒப்பந்தமும் எனக்கு வேண்டும்.

முதலில் அந்த 6 லட்சத்தைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். வி.ஆர். ஆப் எல்லாம் இரண்டு வருடத்தில் போன் அப்டேட் ஆனதும் திறக்காது. திறக்காத ஆப்பை எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறேன் தெரியுமா? வெப்சைட் கூட இப்போது வேண்டாம். ஒரு நீள நோட்டும் ஒரு பென்சிலும் வாங்குங்கள்.

சிரிக்காதீர்கள். ஒரு பொருளைப் போட்டோ எடுக்க எங்களுக்கு ஐந்து நிமிடம். அது என்ன, யாருடையது, எந்த ஊர், எந்த வருடம் வந்தது, யார் கொடுத்தார் என்பதைக் கண்டுபிடித்து எழுத அரை நாள். பழைய பதிவேட்டில் "வெண்கலச் சிலை, 1" என்று மட்டும் இருக்கும். சிலையும் இருக்கிறது, படமும் பிரமாதமாக வந்துவிட்டது, ஆனால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆள் இல்லை, எழுதியவர் ரிட்டயராகிக் காலமும் ஆகிவிட்டார். உங்களிடம் சேர்த்த பெரியவர் உயிரோடு இருக்கிறார். அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு எண், 001இல் இருந்து. பொருளின் மேல் பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள், அட்டையில் எழுதிப் பருத்தி நூலால் கட்டுங்கள். தாளாக இருந்தால் பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சில். படத்து ஃபைலுக்கும் அதே எண்தான் பெயர். லேமினேஷன், செலோடேப் இரண்டையும் அந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள்.

ஸ்கேன்: போட்டோ, நோட்டீஸ் எல்லாம் 600 டிபிஐ, டிஃப் ஃபார்மட். ஒரு ஏ4 கலர் பக்கம் சுமார் 100 எம்பி வரும், பயப்படாதீர்கள், ஹார்ட் டிஸ்க் மலிவு. அதிலிருந்து நெட்டில் போட ஜேபெக் தனியாக எடுத்துக்கொள்ளலாம். மூலத்தைத் தொடாதீர்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். தங்கவயலில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு டிஸ்க் இருந்தாலே போதும்.

டோக்கன், விளக்கு எல்லாம் போன் கேமராவிலேயே எடுக்கலாம். ஃபிளாஷ் மட்டும் கூடாது. பித்தளையில் ஃபிளாஷ் அடித்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் கறுப்பு. ஜன்னல் பக்கம் வெள்ளைத் துணி விரித்து, ஒரு மேஜை விளக்கைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்த மாதிரி பக்கவாட்டில் பிடியுங்கள். தேய்ந்த எழுத்து நிழல் விழுந்து எழுந்து நிற்கும். பெரிய இடங்களில் லட்சக்கணக்கில் கருவி வைத்துச் செய்வதும் அடிப்படையில் இதே வித்தைதான்.

நடராஜர் கேள்விக்கு வருகிறேன். நியூயார்க் மெட் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3.75 லட்சம் படங்களை "எடுத்துக்கொள், எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்து" என்று திறந்துவிட்டது. கிளீவ்லாண்ட் 2019இல், ஸ்மித்சோனியன் 2020இல் 28 லட்சம் படங்களோடு. ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்டின் ஒரே ஓவியத்தை 8,439 போட்டோவாக எடுத்து ஒட்டி 717 ஜிகாபிக்சலில் போட்டிருக்கிறார்கள், பெயிண்டில் விழுந்த விரிசலைக் கூட எண்ணலாம். நம் ஊரில் 2014இல் ம்யூசியம்ஸ் ஆஃப் இந்தியா போர்ட்டல் வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான புனே சி-டாக் உருவாக்கிய ஜதன் என்ற மென்பொருள், ஆரம்பத்தில் பத்து அருங்காட்சியகங்கள். எண், அளவு, காலம் என்று ஒரே படிவத்தில் பத்து இடத்துப் பொருளும் வந்தது சின்ன வேலை இல்லை, அதைச் செய்தவர்களை நான் மட்டமாகப் பேச மாட்டேன். ஆனால் படத்தைப் பெரிதாகக் கொடுக்க இங்கே மனசு வருவதில்லை. "யாராவது பிரிண்ட் போட்டு விற்றுவிட்டால்?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். விற்றால் விற்கட்டுமே, நடராஜர் தேய்ந்தா போவார்?


சும்மா_பார்க்கிறேன்:

அக்கா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 340 பொருளையும் படம் பிடித்து நெட்டில் போடுவது, திருடனுக்கு மெனு கார்டு கொடுப்பது மாதிரி இல்லையா? பித்தளை, பழைய இதழ், இதற்கெல்லாம் சண்டே மார்க்கெட்டில் என்ன விலை என்று எனக்குத் தெரியும். போதாக்குறைக்கு நீங்களே அல்சூர், கல்யாண மண்டபம், பின்னறை என்று இங்கே எழுதிவிட்டீர்கள். முதலில் அதை எடிட் செய்யுங்கள் சார்.


மடிவாளா_பெரியவர்:

மேலே எழுதிய தம்பி சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. இடத்தின் விவரத்தை எடுத்துவிட வேண்டும், அது சரி. போனில் எடுத்த படத்துக்குள்ளேயே எடுத்த இடம் பதிந்திருக்கும், ஏற்றும் முன் அதையும் நீக்க வேண்டும். (எனக்கு இது தெரியாமல் என் வீட்டு மாடியையே உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். பேத்தி சொன்ன பிறகுதான் தெரிந்தது.) ஆனால் படம் போட்டால் திருட்டுப் போகும் என்பது தலைகீழ். படம் இல்லாத பொருள்தான் தடம் தெரியாமல் போகிறது.

ஒரு கதை சொல்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950களின் நடுவிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளைப் படம் பிடித்தார்கள். கறுப்பு வெள்ளை. பின்னால் கோயில் பெயர், ஊர்ப் பெயர், தேதி. யாருக்கு உதவும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கும்பகோணம் பக்கத்துப் பெருமாள் கோயிலில் இருந்த திருமங்கையாழ்வாரை 1957இல் எடுத்தார்கள். அதே ஆழ்வார் 1967இல் லண்டன் ஏலத்தில் விலை போய் ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் போய் நின்றார். 2019இல் ஒரு ஆய்வாளர் அந்த 1957 படத்தையும் அருங்காட்சியகத்துச் சிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2024இல் திருப்பித் தர பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டது. ஆனந்தமங்கலம் ராமர், லட்சுமணர், சீதை கதையும் இதேதான். 1978இல் திருட்டு, 1958ஆம் வருடத்துப் படம் சாட்சி, 2020இல் லண்டனிலிருந்து திரும்பினார்கள். அங்கே ஒரு வியாபாரி விற்பனைக்குப் போட்ட படம் தன்னார்வலர்கள் கண்ணில் பட்டதுதான் ஆரம்பம்.

இதிலே கவனிக்க வேண்டியது, படம் மட்டும் சாட்சி சொல்லவில்லை. படத்தின் பின்னால் எவரோ ஒருவர் ஊர்ப் பெயரையும் தேதியையும் எழுதி வைத்தார் பாருங்கள், அந்த ஒரு வரிதான் சாட்சி சொன்னது. டில்லி அம்மா பென்சிலும் நோட்டும் என்றது அதனால்தான்.

எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. 2023இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஏறக்குறைய 2,000 பொருள் களவு போயும் சேதமாகியும் இருந்தது தெரிய வந்தது. பல பொருட்கள் ஒழுங்காகப் பட்டியலில் ஏறாதவை. இது எங்களுடையது என்று நிரூபிக்கவே படாதபாடு. அதற்கப்புறம் ஐந்து வருடத்தில் முழுச் சேகரிப்பையும் ஆன்லைனில் ஏற்றிவிடுகிறோம் என்று அறிவித்தார்கள்.

என் சொந்த அனுபவம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கல்வெட்டுப் பைத்தியம் பிடித்தது. எங்கள் மடிவாளா சோமேசுவரர் கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று 1247ஆம் ஆண்டு, அதில் வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைப் பற்றி வருகிறது. முப்பது வருடம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன், ஒரு எழுத்தும் கண்ணில் பட்டதில்லை, சுண்ணாம்பும் எண்ணெயும் அப்பி இருந்ததால். ரைஸ் துரை 1905இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுப்பான எபிகிராஃபியா கர்நாடிகா 9ஆம் தொகுதியை யாரோ புண்ணியவான் ஸ்கேன் செய்து இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றியிருந்தார். அதை வீட்டில் படித்துவிட்டு வந்து சுவரைப் பார்த்தேன், எழுத்து தெரிந்தது. 10ஆம் தொகுதி கோலார் மாவட்டம், தங்கவயல் பேரன் அதையும் புரட்டிப் பாருங்கள், அங்கேயும் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். இப்போது பெங்களூரில் இருக்கும் மிதிக் சொசைட்டி என்ற ஆய்வுச் சங்கத்துக்காரர்கள் 2021 முதல் பெங்களூர்க் கல்வெட்டுகளை 3டி ஸ்கேன் செய்து வருகிறார்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு என்று பாராமல் செய்கிறார்கள். வெறும் கண்ணுக்குத் தேய்ந்து போன எழுத்து, திரையில் வெளிச்சத்தைச் சாய்த்தால் எழும்பி வருகிறது. 3டி என்பது அப்படித் தேவைப்படும் இடத்துக்கு. கால்பந்து டீம் போட்டோவுக்கு எதற்கு 3டி?

(ஊர்ப் பெயர் தமிழா கன்னடமா என்று இதற்குக் கீழே யாரும் ஆரம்பிக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.)


சும்மா_பார்க்கிறேன்:

சரி ஐயா, சிலை விஷயம் ஒத்துக்கொள்கிறேன். அல்சூரை இன்னும் எடுக்கவில்லை அவர்.


மாரிகுப்பம்_பொண்ணு:

நானும் அந்த ஊர்தான். எங்கள் அப்பா நந்திதுர்க் சுரங்க ஷாஃப்ட்டில் வேலை பார்த்தவர். இந்தப் பதிவைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம், அப்புறம் கொஞ்சம் பயம். ஏன் என்று சொல்கிறேன்.

எல்லோரும் எப்படி ஏற்றுவது என்று பேசுகிறீர்கள், எதை ஏற்றக் கூடாது என்று யாரும் பேசவில்லையே? அந்தப் பெட்டியில் சம்பளச் சீட்டு இருக்கிறது என்கிறீர்கள், பழைய ஃபாரமும் இருக்கும். சாதி எழுதியிருக்கும், கைரேகை இருக்கும், கடன் பிடித்தம் இருக்கும். ஏர் பிளாஸ்டில் போனவர்களின் நஷ்ட ஈட்டுக் காகிதம் இருக்கும். (வெளியூர்க்காரர்களுக்கு: சுரங்கத்துக்குள் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறும், அதைத்தான் எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்பார்கள்.) அந்தக் காகிதத்தில் இருக்கிறவரின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு உங்கள் பக்கத்து ஆபீசில் வேலை செய்கிறார்கள். அவர்களைக் கேட்டீர்களா? கொடுத்தவர் பெரியவர் கையில் கொடுத்தார், பெட்டியில் வைக்கக் கொடுத்தார். உலகத்துக்குக் காட்டக் கொடுத்தாரா?

எங்கள் பெரியம்மா கல்யாண போட்டோவை யாரோ ஒரு பக்கத்தில் போட்டு, அதை இன்னொருவர் எடுத்துப் பாட்டு சேர்த்து ரீல் விட்டு, கீழே கமெண்டில் அவர் நிறத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். 78 வயதில் அந்த அம்மா அதைப் பார்த்தார். அதற்கப்புறம் ஆல்பத்தைப் பூட்டி வைத்துவிட்டார், எனக்கே காட்டுவதில்லை. அதனால் ஆள் முகம் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் குடும்பத்தைக் கேளுங்கள். ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். ஸ்கேன் செய்து டிஸ்க்கில் வைப்பது வேறு, நெட்டில் போடுவது வேறு. எல்லாம் ஸ்கேன் ஆகட்டும், பாதி மட்டும் வெளியே போகட்டும்.

இன்னொன்று. டோக்கன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தாத்தா அப்படிச் சொன்னாரா? எங்கள் வீட்டில் அது பில்லை. "பில்லையைக் கொடுத்தாச்சா" என்று அம்மா கேட்பார். ஷிஃப்ட் முடிந்து பில்லை திரும்பி வந்தால் ஆள் மேலே வந்துவிட்டான் என்று அர்த்தம், வரவில்லை என்றால் தேட ஆரம்பிப்பார்கள். பெரிய அருங்காட்சியகத் தளங்களில் நம் பொருளுக்கெல்லாம் இங்கிலீஷில் ஒரு பெயர், அதையே தமிழில் மொழிபெயர்த்து இன்னொரு பெயர், இரண்டும் எங்கள் வாயில் வராதவை. வீட்டில் என்ன சொன்னோமோ அதையும் எழுதுங்கள். பாட்டிகள் தேடும்போது அந்த வார்த்தையைத்தான் தேடுவார்கள், அவர்கள் சார்பில் நாங்கள் தேடும்போதும்.


டில்லி_ஸ்கேனர்:

பொண்ணு சொன்னதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஆபீஸ் படிவத்தில் குடும்பத்தின் சம்மதம் என்று ஒரு கட்டம் கிடையாது, சிலைக்கு யாரைக் கேட்பது என்று பழகிப்போய்விட்டது. "உள்ளூர்ப் பெயர்" என்று ஒரு கட்டம் உண்டு, அதை நாங்கள் காலியாகவே விடுவோம். குட்டு பட்டது எனக்குத்தான்.


தங்கவயல்_பேரன்:

எல்லோருக்கும் நன்றி. அல்சூரை எடுக்கப் போனேன், நேரம் கடந்துவிட்டது என்று எடிட் பட்டனே வரவில்லை. அதனால் பெட்டிகளையே நேற்று வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். எங்கே என்று சொல்ல மாட்டேன், சும்மா பார்க்கிறவர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

இரண்டு வாரம் சனி ஞாயிறு உட்கார்ந்தோம். நிலவரம் சொல்கிறேன்.

நோட்டில் 61 உருப்படி முடிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஐம்பது முடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன், முதல் நாள் ஒன்பதுதான். பெரியவர் ஒரு நாடக நோட்டீஸைக் கையில் எடுத்தால் அந்த நாடகத்தில் ராஜா வேஷம் போட்டவர் யார், அவர் யாரிடம் கடன் வாங்கி வெல்வெட் சட்டை தைத்தார் என்பது வரை போகிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் போனில் ரெகார்டரை ஆன் செய்து வைத்துவிட்டேன்.

பில்லை (திருத்திக்கொண்டேன்) ஒன்று, எண் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு 4 மாதிரி, வேறு பக்கம் திருப்பினால் அதுவும் இல்லை. அக்கா சொன்னபடி அறையை இருட்டாக்கி, பிள்ளையின் ஸ்டடி லேம்ப்பை மேஜையில் படுக்க வைத்து, போனை நேர் மேலே பிடித்தேன். ஒரு பக்கமிருந்து 1, 4. விளக்கை எதிர்ப்பக்கம் நகர்த்தினால் நடுவில் இன்னொரு 1, கடைசியில் 7. 1147. ஓரத்தில் ஆணியால் கீறிய மாதிரி ஒரு சின்ன "மு". இது இருப்பது பெரியவருக்கே தெரியாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். முனுசாமியா, முருகேசனா என்று இரண்டு பெயர் சொல்கிறார், முடிவாகவில்லை. நோட்டில் "மு என்று கீறல், யார் என்று விசாரிக்கவும்" என்று எழுதியிருக்கிறேன்.

பிரச்சினை ஒன்று. சங்கத்தில் ஏற்கெனவே 120 பொருளுக்கு யாரோ ஒரு பட்டியல் டைப் செய்து வைத்திருக்கிறார்கள். எக்செல்லில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்துகள் கன்னாபின்னாவென்று ஓடுகின்றன. என்ன செய்ய? அப்புறம் எங்கே ஏற்றுவது, என்ன உரிமம் போடுவது என்றும் சொல்லுங்கள்.


டில்லி_ஸ்கேனர்:

அது பாமினி ஃபாண்ட், பார்க்காமலே சொல்வேன். டிடிபி கடைகளின் சீதனம். அந்த ஃபாண்டைப் போட்டால் தமிழாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது வெறும் இங்கிலீஷ் எழுத்து, கூகுளில் தமிழில் தேடினால் ஜென்மத்துக்கும் கிடைக்காது. யூனிகோடுக்கு (எல்லாக் கணினியும் படிக்கும் பொது எழுத்துமுறை) மாற்றும் இலவசக் கருவிகள் நெட்டில் நிறைய உண்டு. மாற்றிய பிறகு ஒரு தடவை கண்ணால் படித்துவிடுங்கள், அங்கங்கே எழுத்து பிசகும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணை போட்டுவிட்டது, அதற்கப்புறமும் பாமினியில் டைப் அடித்த பட்டியல்கள் என் மேஜைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஊர்ப் பெயரையும் ஒரே மாதிரி எழுத முடிவு செய்யுங்கள். மாரிகுப்பமா மாரிக்குப்பமா? ஒன்றைத் தலைப்பில் போட்டு, மற்றதைப் பக்கத்துக் கட்டத்தில் போடுங்கள், இரண்டிலும் தேடுவார்கள்.

ஏற்றுமிடம்: தாள், நோட்டீஸ், புத்தகம் எல்லாம் இன்டர்நெட் ஆர்க்கைவ். பொருட்களின் படம் விக்கிப்பீடியாவுக்குப் படம் கொடுக்கும் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ். இரண்டுக்கும் காசு கிடையாது. கம்பெனி மூடினாலும் சங்கம் கலைந்தாலும் அங்கே இருக்கும். காமன்ஸில் "வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது" என்ற நிபந்தனையோடு போட முடியாது, அதைத் தெரிந்துகொண்டு ஏற்றுங்கள். சங்கத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை போடலாம், அது போதும். ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படங்களுக்கு எடுத்தவரின் உரிமை வேறு இருக்கிறது, சம்மதமும் வேண்டும், அதனால் அவற்றை இப்போதைக்கு டிஸ்க்கிலேயே வையுங்கள்.

40 ஆயிரத்தில் ஒரு நல்ல ஃப்ளாட்பெட் ஸ்கேனர், இரண்டு ஹார்ட் டிஸ்க், அமிலமில்லாத கவர்கள். மீதி இருந்தால் பெரியவருக்கு ஒரு நல்ல நாற்காலி.


மடிவாளா_பெரியவர்:

‘தமிழன்’ இதழ்களைத் தனியாக எடுத்து வையுங்கள், அவை எந்த வருடம்? அயோத்திதாசர் 1907இல் சென்னையில் "ஒரு பைசாத் தமிழன்" என்று ஆரம்பித்தது, பின்னால் தங்கவயலிலிருந்தும் வந்தது. உங்கள் ஊரில் அச்சானவை என்றால் ஸ்கேனரில் அமுக்காதீர்கள், முதுகு உடைந்துவிடும். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த நூலகமே கோட்டையூரில் போர்டு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் தன் வீட்டில் சேர்த்து வைத்த புத்தகங்களிலிருந்தும் நோட்டீஸ்களிலிருந்தும் வந்ததுதான். டிரங்குப் பெட்டியைப் பார்த்து அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.


மாரிகுப்பம்_பொண்ணு:

1147 படத்தை இங்கே போடாதீர்கள், எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். எங்கள் லைனில் மு என்றால் முனுசாமி மாமா, முத்தம்மா வீட்டுக்காரர். அவர் எதையும் ஆணியால் கீறி வைப்பார், தட்டு, டம்ளர், கதவு. அத்தை இன்னும் ஊரில்தான் இருக்கிறார், காது கேட்காது, கண் நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.


தங்கவயல்_பேரன்:

அனுப்பிவிட்டேன் அக்கா. பில்லையையே வேண்டுமானாலும் எடுத்துப் போங்கள் என்கிறார் பெரியவர். ஆனால் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தருவாராம்.